காசும் மிஞ்சணும், உடம்பும் மிஞ்சணும்: வடசென்னை வாசகர்களின் அடுப்படிக் கேள்விகள்

காலை அஞ்சரைக்கு எழுந்து சமைச்சு வச்சிட்டு கம்பெனி வேலைக்குப் போறேன். ராத்திரி ஏழரைக்கு வந்தா அடுப்புகிட்ட நிக்கவே முடியல. கடையில வாங்கினா மாசக் கடைசியில கை கடிக்குது. என்ன பண்றது?
(கொருக்குப்பேட்டை வாசகி)

நின்றுகொண்டே செய்யும் வேலையை முதலில் குறையுங்கள். வெங்காயம் நறுக்க, கீரை ஆய, பூண்டு உரிக்க நிற்கத் தேவையே இல்லை. தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் நறுக்கிப் பழகியிருந்தால் அதுவே போதும். முட்டி வலி உள்ளவர்கள் சுமார் இரண்டடி உயர ஸ்டூலில் உட்கார்ந்து செய்யலாம். தாளிக்கும்போது நின்றுதான் ஆக வேண்டும். அப்போது காலடியில் ஒரு செங்கல்லோ மணைப்பலகையோ போட்டு, கால்களை மாற்றி மாற்றி அதன்மேல் வையுங்கள். இடுப்புப் பாரம் நன்றாகவே குறையும்.

அடுத்து, ராத்திரி வேலையை லீவு நாளுக்கு நகர்த்துங்கள். வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி ஒரு கிலோ, எண்ணெய் 100 மில்லி, இஞ்சி பூண்டு விழுது மூன்று ஸ்பூன், உப்பு, மஞ்சள்தூள். வெங்காயம் பொன்னிறமானதும் மற்றதைப் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்வரை வதக்க வேண்டும். மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகும். ஆறியதும் ஈரமில்லாத டப்பாக்களில் எட்டுப் பங்காகப் பிரித்து, நான்கை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலும் நான்கை ஃபிரீசரிலும் வையுங்கள். ஒரு பங்கு ஒரு வேளைக் குழம்புக்கு. மூன்றாம் நாளே புளித்துப்போனால் தக்காளித் தண்ணீர் வற்றுவதற்குமுன் அடுப்பை அணைத்துவிட்டீர்கள் என்று பொருள். கீழ்த்தட்டில் இருப்பது நான்கைந்து நாள் தாங்கும்.

புளியையும் இப்படிச் செய்யலாம். கால் கிலோ புளியை முக்கால் லிட்டர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, இரண்டு ஸ்பூன் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரம் வரும்.

சாதமும் பருப்பும் ஒரே குக்கரில் ஆகட்டும். ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். கீழ்ப் பாத்திரத்தில் அரை டம்ளர் துவரம்பருப்பு, ஒன்றரை டம்ளர் தண்ணீர், மஞ்சள், ஒரு சொட்டு எண்ணெய். மேல் பாத்திரத்தில் ஒரு டம்ளர் புழுங்கலரிசி, இரண்டரை முதல் மூன்று டம்ளர் தண்ணீர். முதல் விசில் பெரிய தீயில், பிறகு சிறு தீயில் பன்னிரண்டு நிமிடம். ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். ரேஷன் பருப்பு சில மாதம் கடினமாக வரும். அதை வேலையிலிருந்து வந்ததும் வெந்நீரில் ஊறப்போட்டு, முகம் கழுவி, அரை மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்த பிறகு குக்கரில் ஏற்றினால் குழையும். அந்த அரை மணி நேர ஓய்வு பருப்பைவிட உங்களுக்குத்தான் அவசியம்.

தண்ணீர் தூக்குவதை மறந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் ஏறக்குறைய 15 கிலோ. லாரித் தண்ணீரோ தெரு அடிபம்போ, முக்கால் குடமாக இன்னொரு நடை போவது ஒரே நடையில் முழுக் குடம் தூக்குவதைவிட உடம்புக்கு நல்லது. குழாய் வைத்த டிரம்மை ஒரு உறுதியான பெஞ்சின்மேல் வைத்துவிட்டால், ஒவ்வொரு சொம்புக்கும் குனிந்து எழ வேண்டாம்.

ரேஷன் அரிசியில இட்லி போட்டா தட்டையா, கல்லு மாதிரி வருது. அரிசிதான் சரியில்லையா?
(வியாசர்பாடி)

அரிசியின்மேல் பழி போடாதீர்கள். ரேஷன் புழுங்கலரிசியில் நல்ல இட்லி வரும். தவறு பெரும்பாலும் உளுந்தில் நடக்கிறது.

நான்கு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் தோல் நீக்கிய முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். உளுந்து பழசாக இருந்தால் ஒன்றேகால் டம்ளர் போடுங்கள். அரிசியைக் கல் உப்பு போட்டுப் பிசைந்து நான்கு தண்ணீர் கழுவினால் மூட்டை வாடை போகும். நான்கைந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும், அதிகம் ஊறினால் நுரைப்பு குறையும். சித்திரை வெயிலில் உளுந்து ஊறும் பாத்திரத்தையே ஃபிரிட்ஜில் வைத்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரையே தெளித்து ஆட்டுங்கள். கிரைண்டர் சூட்டில் மாவு வெதுவெதுப்பானால் ஆட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும், பிறகு உப்பாது.

உளுந்து கிரைண்டரில் 25 முதல் 30 நிமிடம் ஓட வேண்டும். தண்ணீரை ஒரே தடவையாக ஊற்றாமல் கை கையாகத் தெளியுங்கள். ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் விட்டால் பந்துபோல மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஆட்டுங்கள். அரிசியை மெல்லிய ரவைப் பதத்தில் எடுத்துவிடுங்கள். மழமழவென்று அரைத்தால் இட்லி பசைபோல அமுங்கும்.

உப்புப் போட்டு, அடியிலிருந்து மேலாகக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் மூடுங்கள். மே மாதம் ஐந்தாறு மணி நேரம், மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். பொங்கிய மாவைக் கரண்டியால் அடித்துக் கலக்கினால் காற்றெல்லாம் போய்த் தட்டையாகும். அப்படியே அள்ளி ஊற்றுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு தட்டை வைத்துப் பத்து நிமிடம், அதிகம் போனால் பன்னிரண்டு. அதற்கு மேல் வெந்தால் கல்தான். இதெல்லாம் செய்தும் மிருதுவாக வரவில்லை என்றால் பாதி ரேஷன் அரிசி, பாதி இட்லி அரிசி என்று கலந்து பாருங்கள்.

ரேஷன் அரிசியில மஞ்சளா, வேற நிறத்துல கொஞ்சம் மணி வருது. தண்ணியில மிதக்குது. பிளாஸ்டிக்னு சொல்றாங்க. பொறுக்கிப் போட்டுடலாமா?
(கொடுங்கையூர்)

வேண்டவே வேண்டாம். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, அரிசி வடிவத்திலேயே பிழிந்து எடுத்த மணிகள். நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் கலக்கப்பட்டவை. கலந்த அரிசி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. முறத்தில் உட்கார்ந்து இவற்றைத் தேடித் தேடிப் பொறுக்கும்போது, வீட்டுப் பெண்களுக்கு வேண்டிய சத்தைத்தான் பொறுக்கி எறிகிறோம். கழுவும்போது மிதப்பவற்றையும் தண்ணீரோடு சாய்த்துவிடாதீர்கள். இந்த அரிசியைக் கஞ்சி வடிக்காமல் குக்கரில் வைப்பது நல்லது. வடித்துத்தான் பழக்கம் என்றால் கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடித்துவிடுங்கள்.

எப்பப் பார்த்தாலும் அசதி. தூங்கி எழுந்தாலும் அசதி. டீ குடிச்சாதான் ஓடுது, ஒரு நாளைக்கு அஞ்சாறு டீ. சத்து டானிக் எதாவது சொல்லுங்க.
(ராயபுரம் வாசகி, 38 வயது)

டானிக் வாங்கும் காசில் முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டுக்கான டிஎஸ்எச், இந்த மூன்றும் முதலில். சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர் என்றால் பி12 பற்றியும் கேளுங்கள். வீட்டுக்குப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆரம்பிக்கலாம், மேல்சிகிச்சை தேவைப்பட்டால் ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே. மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் நீள்கிறதா, நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைகிறதா என்பதையும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் அங்கே போய்க்கொண்டிருந்தால் எந்தக் கீரையும் ஈடு கட்டாது.

உங்கள் டீயே காரணத்தில் ஒரு பங்காக இருக்கலாம். டீயில் உள்ள டானின், சாப்பாட்டின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். நாஷ்டாவோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் நிறுத்தினாலே பெரிய லாபம். இரும்பு மாத்திரையைப் பாலோடோ கால்சியம் மாத்திரையோடோ சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து பாதியில் நிறுத்துபவர்கள்தான் அதிகம். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் உடம்பின் கையிருப்பு நிரம்பச் சில மாதம் தொடரச் சொல்வார்கள், தொடருங்கள்.

சாப்பாட்டில், அசைவம் உண்டு என்றால் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். நம் பக்கத்துக் கறிக்கடைகளில் கேட்டால் எடுத்து வைப்பார்கள். அதன் இரும்பு, கீரையின் இரும்பைவிட எளிதாக உடம்பில் சேரும். மிளகு, சீரகம் போட்டு நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை என்றால் பொரியலின்மேல் எலுமிச்சை பிழியுங்கள்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படபடக்கிறது, கால் வீங்குகிறது என்றால் இந்தப் பதிலைப் படிப்பதை நிறுத்திவிட்டு இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

காசிமேட்டுல மீன் மொத்தமா வாங்கினா உண்மையிலே லாபமா?
(பெரம்பூர்)

நாளைப் பொறுத்தது. ஞாயிறு காலை ஊரே அங்கே இருக்கும், விலையும் அப்படித்தான். வார நாளில் விடியற்காலை போனால் அதே காசுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வஞ்சிரம், சங்கரா என்று பிடிவாதம் பிடிக்காமல், நாட்டுப்படகில் வரும் கவளை, காரப்பொடி, நெத்திலியை வாங்குங்கள். இல்லையென்றால் கருவாடு இருக்கவே இருக்கிறது.

செவுள் ரத்தச் சிவப்பாக, கண் மேடாகப் பளபளப்பாக, விரலால் அழுத்தினால் குழி உடனே மேலே எழும்புவதாக இருக்க வேண்டும். செவுளில் சிவப்புச் சாயம் தடவியிருந்தால் ஈர விரலில் ஒட்டும். மீன் ஆய்ந்து தரும் அக்காக்களிடம் கூலி கொடுத்துச் சுத்தம் செய்துகொண்டு வாருங்கள். இரண்டு கிலோ காரப்பொடியை வீட்டில் குனிந்து ஆய்ந்தால் மிச்சம் பிடித்த காசு வலி மாத்திரைக்குப் போய்விடும்.

மூடியுள்ள பக்கெட்டில் மீனும் ஐஸும் சரிபாதி எடையில், அடுக்கடுக்காக. கானாங்கத்தை, சூரை, மத்தி ஆகியவற்றில் மிகுந்த கவனம் தேவை. வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரித்து, தலை வலித்தால் அதுதான். வீட்டுக்கு வந்ததும் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து ஃபிரீசரில் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃபிரீசர் அவ்வளவு குளிராது. ஒரு வாரத்துக்குள் முடியும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். அதற்கு மேல் வாங்குவது லாபமில்லை.

பழைய ஃபிரிட்ஜும் மிக்சியும் வாங்கலாம்னு இருக்கேன். எதைப் பார்த்து வாங்கணும்?
(திருவொற்றியூர்)

ஃபிரிட்ஜை ஓடவிட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அரை மணி நேரத்தில் ஃபிரீசர் தட்டில் விரல் ஒட்டும் அளவுக்குக் குளிர் ஏற வேண்டும். பின்பக்கம் நின்று கேளுங்கள். சில நிமிடத்துக்கு ஒரு தடவை 'டிக்'கென்று விட்டு விட்டு முயன்றால் ரிலேயோ கம்ப்ரசரோ போயிருக்கிறது. கதவிடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். வழுவழுவென்று வந்தால் கேஸ்கட் (கதவு ரப்பர்) மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். திருவொற்றியூரில் உப்புக் காற்று என்பதால் பின்பக்கக் கம்பிச் சுருளில் செதில் செதிலாகத் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஓட்டை விழுந்தால் கேஸ் நிற்காது, அதை வாங்கவே வேண்டாம். ஸ்டார் ஸ்டிக்கரில் வருடம் இருக்கும். மிகப் பழசு என்றால் விலையில் மிஞ்சியதைக் கரன்ட் பில் தின்றுவிடும். மீன்பாடி வண்டியில் நிற்க வைத்தே ஏற்றுங்கள். படுக்க வைத்திருந்தால் வீட்டில் நிறுத்தி, கம்ப்ரசர் ஆயில் இறங்குவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் விட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும்.

மிக்சிக்குப் போகும்போது ஒரு கைப்பிடி ஊறிய அரிசி எடுத்துப் போங்கள். வெறும் ஜாரில் எல்லா மிக்சியும் நன்றாகத்தான் ஓடும். அரிசி போட்டு ஒரு நிமிடம் அரைக்கும்போது வார்னிஷ் கருகும் வாடை வந்தால் மோட்டார் காயில் போய்விட்டது. காற்றுத் துளை வழியே நீலப் பொறி நிறைய பறந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, அது சின்ன செலவு. பிளேடைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் அதன் அடியில் உள்ள புஷ் போயிருக்கிறது, சட்னியில் கறுப்பு எண்ணெய் இறங்கும். அடியில் உள்ள சிவப்பு ஓவர்லோடு பட்டன் அழுத்தினால் உள்ளே போய் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

காந்தம் ஒட்டலைன்னா நல்ல எவர்சில்வர்தானே?
(தண்டையார்பேட்டை)

அதை மட்டும் நம்ப முடியாது. காந்தம் பிடித்தால் நிக்கல் இல்லாத ரகம், உப்பு புளியில் சீக்கிரம் கறை பிடிக்கும். ஆனால் 304 என்ற நல்ல எவர்சில்வர் ரகத்திலும் ஒட்டாது, மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. அடியில் 304 அல்லது 18/8 என்று பொறித்திருப்பதைப் பாருங்கள். பழைய பித்தளைப் பாத்திரம் கிடைத்தால் வாங்கலாம், வெள்ளீயம் பூசாமல் அதில் புளியோ தயிரோ வைக்காதீர்கள்.

பழைய சோறு அசதிக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?
(எண்ணூர்)

வெயில் நாளில் வேலைக்குப் போகுமுன் தண்ணீரும் உப்பும் சோறும் ஒன்றாகச் சேர்வதால் தெம்பாகத்தான் இருக்கும், காலையில் அடுப்பும் மிச்சம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதுவும் அரிசிச் சோறுதான், அளவு முக்கியம். ராத்திரி மிஞ்சிய சோற்றைக் காய்ந்தபடி வெளியே விட்டுவிட்டு, படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றுவதுதான் தவறு. அந்த இடைவெளியில் வளரும் கிருமியின் நஞ்சு சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்டு முடித்ததும் சோற்றை ஆறவைத்து, இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, மண்சட்டியில் துணி கட்டி வையுங்கள். மோரும் உப்பும் காலையில் சேர்த்தால் போதும். கோடையில் காலை எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். சோறு நூல் விட்டாலோ கெட்ட வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள்.