வேலையும் இறைநம்பிக்கையும் தெருவில் வாழ்பவர்களை மீட்குமா?

கேள்வி: எங்கள் வழிபாட்டுக் குழு, வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களுக்காக மரச்சாமான் பழுதுபார்க்கும் பட்டறை தொடங்கப் போகிறது. வேலையும் இறைநம்பிக்கையும் அவர்களை மீட்குமா?

மீட்கும். ஆனால் வரிசை தப்பினால் பட்டறை சீக்கிரமே காலியாகிவிடும். உங்கள் குழுவில் மனசு நிறைய இருக்கிறது, பட்டறை நடத்திய ஆள்தான் இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் படுக்க இடம். ராத்திரி முழுக்கப் பையைக் காத்துக்கொண்டு விழித்திருந்தவர் காலையில் ரம்பம் பிடித்தால் விரல் போகும். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய 'முதலில் வீடு' முறையில், தெருவில் இருப்பவருக்கு எடுத்ததுமே வீட்டைக் கொடுத்துவிடுவார்கள், குடியை விட வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. பெரும்பாலானவர்கள் அந்த வீட்டைத் தக்கவைத்துக்கொண்டார்கள். வீட்டை உழைத்துச் சம்பாதிக்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வீடு உரிமை. அந்த வீட்டில் விடிந்ததும் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும், வேலை அதற்குத்தான்.

முதல் வாரம் பட்டறையைத் திறக்காதீர்கள். அடையாள ஆவணம், தபால் வர ஒரு முகவரி, பூட்டி வைக்க ஒரு அலமாரி, பாதம் மூடிய காலணி, தேவைப்பட்டால் மூக்குக்கண்ணாடி, இவற்றை முடியுங்கள். பல வருடம் அளவுக்கு மீறிக் குடித்தவரிடம் "இன்றோடு விட்டுவிட்டு வா" என்று சொல்லவே கூடாது. திடீரென நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாளில் பிதற்றலும் குழப்பமும் வரலாம், உயிரே போகக்கூடும். சத்தியம் வாங்குவதற்கு முன்னால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பிறகு இரண்டே பேரோடு தொடங்குங்கள். கைதேர்ந்த தச்சர் ஒருவருக்கு 4 பேருக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு வாரம் நாளுக்கு 2 மணி நேரம், வாரத்தில் 3 நாள் போதும். கூலியை அன்றன்றே கொடுங்கள், மெல்ல வாரக் கூலிக்கு மாற்றலாம். எடுத்த எடுப்பில் மாதக் கூலி வைத்தால் 29 நாள் வெறுங்கை, 30ஆம் நாள் மொத்தப் பணம். குடிக்குத் திரும்பும் நாள் பெரும்பாலும் அதுதான்.

ஆடுகிற நாற்காலி நல்ல முதல் வேலை. பொருத்தைக் கழற்றி, பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். காய்ந்த பசைமேல் புதுப் பசை பிடிக்காது, அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பசை தடவி, கிளாம்ப் என்ற இறுக்குப்பிடியைப் போட்டு இறுக்கி, பிதுங்கியதை ஈரத்துணியால் துடைத்து, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். பிறகு சொரசொரப்பு எண் 80, 120, 220 என்று உப்புத்தாளை மாற்றி, மர இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். 80இலிருந்து 220க்குத் தாவினால் கீறல் அத்தனையும் வார்னிஷ் பூசியதும் பல்லைக் காட்டும். அந்த 24 மணி நேரம் பசைக்கு மட்டுமல்ல. நாளைக்கு வந்து கிளாம்பைக் கழற்ற வேண்டியவர் அதைப் போட்டவர்தான். நாலு காலும் தரையில் பதிந்து நின்றதும் அவரையே முதலில் உட்காரச் சொல்லுங்கள். அதை வாங்க ஓர் ஆளும் இருக்க வேண்டும். யாருக்கும் வேண்டாத பொருளைச் செய்யவைத்தால் இரண்டாம் நாளே புரிந்துகொள்வார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நன்கொடை என்ற பெயரில் செல்லரித்த கட்டிலையும் ஊறி உப்பிய பலகையையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு போகிறார்களே, அதைத் தூக்கி எறியும் செலவு யாருடையது? வாசலிலேயே மறுத்துவிடுங்கள்.

இறைநம்பிக்கைக்கு வருகிறேன். 1949இல் பாரிஸுக்கு அருகே, சிறையிலிருந்து வந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஒருவரிடம், கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லை, வீடற்றவர்களுக்கு வீடு கட்டத் துணைக்கு வா என்று கேட்டார் பாதிரியார் அபே பியர். வீடற்றவர்களோடு சேர்ந்து உழைக்கும் எம்மாவுஸ் இயக்கம் அப்படித்தான் பிறந்தது. 'உன்னால் எனக்கு உதவி ஆகும்' என்ற அந்த அழைப்பில் இருக்கும் விசுவாசத்தைத்தான் நான் சொல்கிறேன். அபே பியரா என்று சிலர் முகம் சுளிப்பார்கள், நியாயம்தான். அவர்மேல் பல பெண்கள் சொன்ன பாலியல் அத்துமீறல் புகார்களை 2024இல் எம்மாவுஸ் அமைப்புகளே வெளியிட்டன. ஆகவே எவ்வளவு பெரிய பக்திமானாக இருந்தாலும் சாவி, பணம், தனியாக உட்கார்ந்து தரும் ஆலோசனை மூன்றையும் ஒரே ஆளிடம் விடாதீர்கள். புகார் வாங்குபவர் குழுவுக்கு வெளியே இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு முன் கட்டாயப் பிரார்த்தனை வேண்டாம். பசித்தவன் எதற்கும் ஆமென் சொல்வான். வழிபாடு வேறு அறையில், வேறு நேரத்தில் நடக்கட்டும், வராதவரின் தட்டிலும் கூலியிலும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. வேற்று மதத்தவர் கேட்டால் அவருடைய வழிபாட்டு இடத்துக்கு வழித்துணையாகப் போங்கள்.

ஒருவர் வரவில்லையென்றால் அன்றைக்கே தேடிப் போங்கள். திட்டுவதற்கல்ல, "கிளாம்ப் அப்படியே இருக்கிறது" என்று சொல்ல. சொந்த வீடு கிடைத்த பிறகான முதல் சில மாதம் இன்னும் கவனம் வேண்டும். நாலு சுவருக்குள் பேச ஆளில்லாமல், பழைய கூட்டத்தைத் தேடி நடைபாதைக்கே திரும்புபவர்கள் உண்டு. வீடு கிடைத்துவிட்டது என்று பட்டறைப் பந்தியிலிருந்து பெயரை அடித்துவிடாதீர்கள்.