விம் ஸ்வாப் எச்சரிக்கை: ஆர் அழுத்துங்கள், டி வேண்டாம்

ஆர் (R, மீட்பதற்கு) விசையை அழுத்துங்கள். டி-யை (D, நீக்குவதற்கு) இப்போதைக்குத் தொடவே வேண்டாம். ஏற்காட்டில் மழையில் கரண்ட் போய் வந்த பிறகு விம் (நிரல் எழுதும் எடிட்டர்) ஸ்வாப் கோப்பை, அதாவது சேமிக்காத மாற்றங்களை அது தானாக எழுதி வைக்கும் தற்காலிகக் கோப்பைக் காட்டி நிற்கிறது என்கிறீர்கள். நீங்கள் சேமிக்காமல் விட்ட நிரல் வரிகள் அதற்குள்தான் இருக்கின்றன.

கணினி சட்டென்று அணைந்ததால் விம்மால் அந்தக் கோப்பை நீக்க முடியாமல் போயிருக்கும். ஆனாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: எச்சரிக்கையில் பிராசஸ் (ஓடும் நிரல்) எண்ணுக்குப் பக்கத்தில் 'இன்னும் ஓடுகிறது' (STILL RUNNING) என்று ஆங்கிலத்தில் இருக்கிறதா? இருந்தால் வேறொரு டெர்மினலில் அதே கோப்பு திறந்திருக்கிறது. கியூ (Q) அழுத்தி வெளியே வந்து, அங்கே போய்ச் சேமியுங்கள்.

அப்படி இல்லையென்றால்:

1. ஆர் அழுத்தி மீட்டதை வேறு பெயரில் சேமியுங்கள்.
2. பழைய கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்.
3. சரியாக இருந்தால் அதையே பழைய கோப்பின் மேல் நகலெடுத்துவிட்டு, பழைய பெயரில் திறங்கள். அதே எச்சரிக்கை வரும். அப்போது டி அழுத்தலாம்.

கடைசியாக அடித்த சில சொற்கள் மட்டும் கிடைக்காமல் போகலாம். இயல்பான அமைப்பில் 200 எழுத்து அடித்த பிறகோ, 4 நொடி கை ஓய்ந்த பிறகோதான் விம் ஸ்வாப்பில் எழுதும். அப்புறம், அடுத்த முறை சேலம் இறங்கும்போது ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள்.