பச்சோந்திக் குஞ்சுக்குத் தகரப்பேணி உணவா?

கேள்வி: கொழும்பிலுள்ள உறவினர் ஒருவர் என் மகனுக்கு யேமன் நாட்டு இனப் பச்சோந்திக் குஞ்சு ஒன்றைக் கொடுத்தார். வயது இரண்டு மாதம் என்றார். வளர்ப்புப் பிராணிக் கடையொன்றில் கேட்டபோது, “இவை போதும்” என்று ஒரு பேணி உலர்ந்த புழு, கல்சியம் தூள், தண்ணீர்க் கிண்ணம், சூடு தரும் மின்குமிழ் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். 9,800 ரூபா ஆனது. மூன்று நாளாகக் குஞ்சு எதையும் தொடவில்லை. நாங்கள் ஏமாற்றப்பட்டோமா?
– உப்புவெளி வாசகி

பதில்: பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் அம்மா. இந்த வயதுக் குஞ்சு மூன்று நாள் பட்டினி கிடக்கக் கூடாது. கண்கள் குழி விழுந்திருந்தாலோ, பகலிலும் மூடியே இருந்தாலோ, இதை வாசித்து முடிக்கும்வரை காத்திராமல் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

பச்சோந்தி அசைகின்ற பூச்சியைத்தான் இரையாக அறியும். உடலைவிட நீளமான நாக்கை வீசிப் பிடிப்பதற்கென்றே அமைந்த பிராணி அது. பேணியில் கிடக்கும் உலர்ந்த புழு அதன் கண்ணுக்கு வெறும் குப்பை. கிண்ணத்துத் தண்ணீரும் அப்படித்தான். இலையில் உருளும் துளியை நக்கித்தான் குடிக்கும். ஆகவே கூட்டுக்குள் இலையுள்ள செடி ஒன்றை வைத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளியுங்கள். பிளாஸ்டிக் போத்தலின் அடியில் ஊசித் துளையிட்டுக் கூட்டின் மேல் வைத்தால் சொட்டுச் சொட்டாக இலையில் விழும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் நம் ஊரில் இதைத் தவறவே விடக் கூடாது.

உணவுக்கு இன்றே ஒரு வழி இருக்கிறது. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தைத் தோலோடு கூட்டுக்குள் வையுங்கள். பழ ஈக்கள் வலைக்கண் வழியே வந்து மொய்க்கும், குஞ்சு பிடிக்கத் தொடங்கும். ஆனால் வளரும் குஞ்சுக்கு அது மட்டும் போதாது. முக்கிய உணவு சுவர்க்கோழிப் பூச்சிதான். குஞ்சின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் தினமும், கால் மணி நேரத்தில் தின்னக்கூடிய அளவுக்குக் கொடுக்கலாம். மிஞ்சியவற்றை இரவுக்கு முன் எடுத்துவிடுங்கள். தூங்கும் குஞ்சை அவை கடிக்கும்.

இந்தப் பூச்சிகளைப் பணம் கொடுத்துத் தொடர்ந்து வாங்கத் தேவையில்லை. மூடியில் வலை பொருத்திய பெரிய பிளாஸ்டிக் பெட்டி, நான்கைந்து முட்டை அட்டைகள், முட்டையிட ஒரு டப்பாவில் ஈரத் தும்புத்தூள் இருந்தால் போதும். திருகோணமலை வெப்பத்தில் இரண்டு வாரத்துக்குள் குஞ்சு பொரிக்கும். பூச்சிகளுக்கு முருங்கை இலையும் கரட் துண்டும் போடுங்கள். பூச்சி தின்றதுதான் பச்சோந்தியின் வயிற்றுக்குள் போகிறது. பட்டினி கிடந்த பூச்சியில் சத்து இல்லை.

நீங்கள் வாங்கியவற்றில் உருப்படியானது கல்சியம் தூள் ஒன்றுதான். சுவர்க்கோழியில் கல்சியத்தைவிடப் பொஸ்பரஸ் அதிகம் என்பதால் இரையின் மேல் அதைத் தூவியே கொடுக்க வேண்டும். அன்றாடம் தூவுவது பொஸ்பரஸும் விற்றமின் டி3யும் சேராத தூளாக இருக்கட்டும். டி3 சேர்ந்தது மாதம் இரு முறை போதும், மிஞ்சினால் நஞ்சாகும். மருந்தகத்தில் மனிதருக்கு விற்கும் மாத்திரையைப் பொடித்துப் போடவே வேண்டாம்.

மின்குமிழ் விடயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அது சூடு மட்டுமே தரும். கல்சியம் உடலில் சேர யூவிபி எனப்படும் புற ஊதாக் கதிர் வேண்டும். அது கிடைக்காத குஞ்சின் தாடை மென்மையாகும், கால்கள் வளையும். வளைந்த எலும்பு பிறகு நேராவதில்லை. பெட்டியில் யூவிபி என்று அச்சிட்ட குழல் விளக்கையே கேட்டு வாங்குங்கள். பழைய விளக்கு வேண்டாம். ஓராண்டு எரிந்தால் ஒளி இருந்தாலும் அந்தக் கதிர் குறைந்துவிடும். விளக்கு வரும்வரை, காலை எட்டு மணியளவில் வலைக்கூட்டைப் பாதி நிழல் விழும் இடத்தில் சற்று நேரம் வெளியே வைக்கலாம். கண்ணாடித் தொட்டியில் வைத்து வெயில் காட்டினால் கதிர் உள்ளே வராது, சூட்டில் குஞ்சு செத்துவிடும்.

அடுத்தது அனுமதிப் பத்திரம். வெளிநாட்டு ஊர்வனவற்றை வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் இந்நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. உறவினரிடம் அந்த அனுமதியைக் கேளுங்கள். நம் வறள் வலயக் காடுகளிலும் பச்சோந்தி உண்டு. அதைப் பிடித்து வைத்திருப்பது குற்றம். யேமன் இனத்தின் தலையில் வளர வளர உயரும் கொண்டை உண்டு. நம் நாட்டு இனத்துக்கு அப்படி உயராது. சந்தேகமிருந்தாலோ பத்திரம் இல்லையென்றாலோ 1992 என்ற திணைக்கள இலக்கத்துக்கு அழைத்து ஒப்படைத்துவிடுங்கள். மகனுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் நீங்களே வெளியில் விட்டுவிடாதீர்கள்.

ஆம், தவறான பொருளைச் சரியானது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பற்றுச்சீட்டோடு போய்ப் புழுப் பேணியையும் மின்குமிழையும் மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம், வாங்கிய 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.

கேள்வி: வயலில் பிடிக்கும் வெட்டுக்கிளியைப் பச்சோந்திக்குக் கொடுக்கலாமா?
– தம்பலகாமம் வாசகர்

பதில்: மருந்து அடிக்கும் வயலென்றால் கூடாது. பூச்சிக்கொல்லி பட்ட ஒரு வெட்டுக்கிளியே குஞ்சைக் கொல்லப் போதும். மருந்து படாத வீட்டுத் தோட்டத்தில் பிடித்த சிறியவற்றைக் கொடுக்கலாம். மின்மினியை மட்டும் எங்கே பிடித்தாலும் கொடுக்காதீர்கள், அதன் உடலிலேயே நஞ்சு இருக்கிறது.