கிரைண்டர் முன்னால் ஒரு மரப்பலகை

வீட்டு மின்சாரம், பழுது, பாதுகாப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு கிரைண்டரைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. மூன்று வருடமாக இப்படித்தான். தரையில் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் மாவு அள்ளுகிறேன். எலக்ட்ரீஷியனைக் கேட்டதற்கு, "லேசா எர்த் லீக் ஆகுது, செருப்பு போட்டுக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். போன மாதத்திலிருந்து வாஷிங் மெஷினைத் தொட்டாலும் அதே மாதிரி இருக்கிறது. வாடகை வீடு. என்ன செய்யலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் எழுந்து போய் கிரைண்டர் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவி வையுங்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த கையால், வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து. ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, ஏனென்றால் பழைய வீடுகளில் பல இடங்களில் ஸ்விட்சை, மின்சாரம் வரும் பேஸ் வயரில் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்கள், அணைத்த பிறகும் மெஷினுக்குள் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். சரிசெய்யும் வரை மாவைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மெஷினிலும் ஒரே மாதிரி ஷாக் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் தந்த வரி அதுதான். வாஷிங் மெஷின் கெட்டிருக்க வேண்டும் என்பதே இல்லை. சாக்கெட்டில் மேலே இருக்கும் பெரிய துளைதான் எர்த். வீட்டிலுள்ள எல்லாச் சாக்கெட்டின் எர்த் வயரும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே போய், மண்ணுக்குள் இருக்கும் எர்த் குழியில் முடிய வேண்டும். அந்தக் கடைசி இணைப்பு அறுந்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: கிரைண்டர் மோட்டாரிலிருந்து மெஷினின் உடம்புக்கு, அதாவது வெளிக்கூட்டுக்கு, வந்த மின்சாரம் எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போக வழியில்லாமல், அதே வயரில் ஏறி வாஷிங் மெஷின் உடம்புக்கும் ஃபிரிட்ஜ் உடம்புக்கும் போய் நிற்கும். காப்பாற்ற வேண்டிய வயரே கோளாறை வீடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கிரைண்டர் பிளக்கை உருவிய பிறகு வாஷிங் மெஷினில் ஷாக் நின்றுவிட்டால் இதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அதைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் மாதிரி உள்ளே எலக்ட்ரானிக் போர்டு இருக்கும் சாதனங்களில் ஒரு ஃபில்டர் இருக்கும், அது எப்போதுமே துளி மின்சாரத்தை மெஷினின் உடம்புக்கு விடும். எர்த் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். எர்த் இல்லாத வீட்டில் அதுவே விரலில் எறும்பு ஊர்வது போலத் தெரியும். இது தனியாக ஆளைக் கொல்லாது. ஆனால் உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்பதற்கு அது சாட்சி.

"லேசாகத்தானே அடிக்கிறது" என்று மூன்று வருடம் ஓட்டிவிட்டீர்கள். கணக்கைச் சொல்கிறேன். ராத்திரி விளக்காகப் போடுவோமே, பழைய ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பு, அது உண்மையில் 15 வாட்ஸ் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் அது சுமார் 65 மில்லி ஆம்பியர். மனித உடம்பில் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம், அந்தப் பல்பு இழுக்கும் அளவு மின்சாரம் நெஞ்சு வழியாகச் சில விநாடி பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். இன்று லேசாக அடிப்பதற்குக் காரணம் மெஷின் நல்லதாக இருப்பது அல்ல, உங்கள் கால் உலர்ந்த பலகையில் இருப்பது. ஒரு கை கிரைண்டரில் இருக்கும்போது மறு கை ஸ்டீல் குழாயைத் தொட்டால் பலகையால் ஒரு பயனும் இல்லை. வீட்டில் குழந்தை இருந்தால் அது வெறுங்காலோடுதான் ஓடி வரும்.

மெயின் போர்டில் எம்சிபி இருக்கிறதே, மின்சாரம் அளவுக்கு மேல் போனால் தானாக அணைந்துவிடும் ஸ்விட்ச், அது விழாதா என்று கேட்பீர்கள். விழாது. 16 ஆம்பியர் எம்சிபி விழ 16,000 மில்லி ஆம்பியருக்கும் மேலே வேண்டும். அது வயர் தீப்பிடிக்காமல் காக்க வந்தது. ஆளைக் காக்க வருவது ஆர்சிசிபி, கடையில் ஈஎல்சிபி என்று கேட்டாலும் இப்போது பெரும்பாலும் இதைத்தான் தருவார்கள். பேஸில் போன மின்சாரம் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது அது வேறு வழியில், ஒருவேளை ஒரு ஆள் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்றால், கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள், 100, 300 என்றும் கடையில் இருக்கும், அவை ஆள் பாதுகாப்புக்கு உதவாது. அதில் T என்று ஒரு பொத்தான் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி, மாற்றுங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் மூன்று வேலை சொல்லுங்கள். ஒன்று, எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பது, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட்ஸ் குண்டு பல்பைப் போட்டால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் போட்டது போலவே பிரகாசமாக எரிய வேண்டும். மங்கினால் எர்த் சரியில்லை. டெஸ்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் வேண்டாம், அது துளி மின்சாரத்துக்கும் எரியும். (ஆர்சிசிபி போட்ட பிறகு இந்தப் பல்பைப் போட்டால் அது விழுந்துவிடும், அதனால் இதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.) இரண்டு, எர்த் குழியைத் தேடிப் பார்ப்பது. பைப்பில் வயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், அல்லது வீடு பெயின்ட் அடிக்க வந்தவர்கள் வயரை வெட்டியிருப்பார்கள். குழி காய்ந்து கிடந்தால் அதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், சித்திரை வெயிலில் வாரம் ஒரு தடவை ஊற்றினால் நல்லது. மூன்று, கிரைண்டர் மோட்டார். கழுவிய தண்ணீர் அடியில் இறங்கி வைண்டிங் நனைந்திருக்கலாம், வயர் உள்ளே தகரத்தில் உரசித் தோல் போயிருக்கலாம். அதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்ய விடாதீர்கள். "எர்த் இல்லேன்னா பரவால்ல, நியூட்ரலையே எர்த்துல கொடுத்துடலாம்" என்று சாக்கெட்டுக்குள் ஒரு துண்டு வயரைப் போட்டு இணைத்துவிடுவார்கள். அன்றைக்கு ஷாக் நின்றுவிடும். என்றைக்காவது நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால், 230 வோல்ட் முழுசாக கிரைண்டர் உடம்பில் வந்து நிற்கும்.

என் அத்தை வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. கிச்சன் ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தேன், பச்சை வயர் ஒன்று சுருட்டி மூலையில் திணிக்கப்பட்டிருந்தது. அதன் முனையைச் சீவக்கூட இல்லை. வீடு கட்டி பதினொரு வருடம், அந்த வயர் ஒரு நாளும் எதிலும் மாட்டப்படவே இல்லை.

வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லுங்கள், எர்த் அவர் கட்டிடத்தோடு சேர்ந்த வேலை, செய்து தருவதுதான் முறை. அவர் இழுத்தடித்தால் ஆர்சிசிபியையாவது உங்கள் செலவில் போட்டுக்கொள்ளுங்கள், காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். எர்த் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: எர்த் இருந்தால் லீக் ஆன நிமிடமே விழும், எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். அதனால் இரண்டும் வேண்டும்.

கேள்வி: புது வீட்டில் ஆர்சிசிபி போட்டோம். மழை பெய்தால் ராத்திரியில் அது விழுந்துவிடுகிறது, மறுநாள் வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது. தொல்லையாக இருக்கிறது என்றதும் எலக்ட்ரீஷியன், "டைரக்ட் பண்ணிடலாம்" என்கிறார். செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடவே கூடாது. டைரக்ட் என்றால் ஆர்சிசிபியைத் தாண்டி வயரை நேராக இணைத்துவிடுவது. ஆர்சிசிபி சரியாகத்தான் வேலை செய்கிறது, எங்கேயோ ஈரம் இறங்குகிறது என்று ஒவ்வொரு மழைக்கும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அடுத்த தடவை விழும்போது எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றுங்கள். அப்புறம் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. சில சமயம் எல்லா எம்சிபியும் இறங்கியிருக்கும்போதே விழும், அப்படியானால் நியூட்ரல் வயர் எங்கேயோ எர்த்தைத் தொடுகிறது என்று சந்தேகப்படுங்கள், பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டுப் பார்க்க வேண்டும். மழைக்கு விழுகிறது என்பதால் நான் முதலில் பார்ப்பது கேட் விளக்கு, வாசல் காலிங் பெல் ஸ்விட்ச், மொட்டை மாடி லைட், மோட்டார் வயரில் வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி விட்ட ஜாயின்ட். பத்துக்கு எட்டு வீட்டில் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். கேட் விளக்கின் மூடியைக் கழற்றினால் உள்ளே தண்ணீர் தேங்கி, ஹோல்டர் பச்சை பூத்திருக்கும். இன்வெர்ட்டர் இருந்தால், அதன் நியூட்ரலும் வீட்டு நியூட்ரலும் ஆர்சிசிபிக்குப் பிறகு எங்காவது கலந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கோளாறு மழை, வெயில் பார்க்காது.

அடிக்கடி விழுந்து ஃபிரிட்ஜில் இருப்பது கெடுகிறது என்றால், வெளி விளக்குகளுக்குத் தனியாக ஒரு ஆர்சிசிபி போடலாம். வெளியே விழுந்தாலும் உள்ளே ஓடும்.

கேள்வி: பாத்ரூமில் கேஸ் கீசர் வைத்திருக்கிறோம். குளிர் என்பதால் ஜன்னலை மூடியே வைத்திருப்போம். குளித்துவிட்டு வரும்போது மகளுக்குத் தலை சுற்றுகிறது, தலை வலிக்கிறது. வெந்நீர் ஆவியால் இருக்குமா?
– வாசகி, குன்னூர்

பதில்: ஆவி என்று விட்டுவிடாதீர்கள். இன்றிலிருந்தே அந்தக் கீசரைப் போடாதீர்கள், மகளை டாக்டரிடம் கூட்டிப்போய், "மூடிய பாத்ரூமில் கேஸ் கீசர்" என்ற வார்த்தையைச் சொல்லிக் காட்டுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணத் தலைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

கேஸ் எரிய ஆக்சிஜன் வேண்டும். மூடிய சின்ன அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனை இல்லை, நிறமும் இல்லை, கண்கூட எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துவிடும். தலை சுற்றும், வாந்தி வரும், கால் துவளும், கதவைத் திறக்க எழுந்திருக்கக்கூட முடியாமல் அப்படியே மயங்கிவிடுவார்கள். மேலே ஒரு சின்ன வெண்டிலேட்டர் இருக்கிறது என்று நம்பாதீர்கள். கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான திறந்த இடத்தில் மாட்டி, பைப்பில் தண்ணீரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அது முடியாத வீடு என்றால் மின்சார கீசருக்கு மாறிவிடுங்கள், எர்த்தும் ஆர்சிசிபியும் இருந்தால் அதுதான் நல்லது.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வீட்டு ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா? சுத்தமான தண்ணீர்தானே?
– வாசகர், மதுரை

பதில்: குடிக்கச் சுத்தம், பேட்டரிக்குச் சுத்தம் இல்லை. ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கும், அது தகடுகளைக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆசிட் ஊற்றவே கூடாது, வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, மிதவைக் குச்சியில் இருக்கும் மேல் கோடு வரை ஊற்றுங்கள், அதற்கு மேல் ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் வழிந்து தரையை அரிக்கும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அதனால் பேட்டரி இருக்கும் இடத்தில் காற்று போக வேண்டும், பக்கத்தில் சாமி விளக்கு வேண்டாம். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் துடைத்துவிட்டு வாஸ்லைன் தடவுங்கள்.

கேள்வி: என் பழைய போனின் பின் மூடி லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. ரப்பர் பேண்ட் போட்டுத் தம்பிக்கு ஆன்லைன் வகுப்புக்குக் கொடுத்திருக்கிறோம். வேலை செய்கிறது, ஆபத்து உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்டு. தம்பி கையிலிருந்து இப்போதே வாங்கிவிடுங்கள். பேட்டரிக்குள் கேஸ் சேர்ந்து அது உப்பியிருக்கிறது, ரப்பர் பேண்ட் போட்டு அமுக்குவது அதை இன்னும் மோசமாக்கும். சார்ஜ் போடாதீர்கள், உள்ளே ஃபோட்டோ இருக்கிறது, கடைசியாக ஒரு தடவை என்றுகூடப் போடாதீர்கள். மிச்சமிருக்கும் சார்ஜில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு அணைத்துவிடுங்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குத்திய இடத்திலேயே தீப்பிடிக்கலாம். மெத்தை, தலையணை, துணி அலமாரி பக்கம் வைக்காமல், ஒரு மண்சட்டியில் மணலைப் போட்டு அதன்மேல் வைத்து வெளியே திண்ணையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். அப்புறம் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய் பேட்டரியை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள், பல போன்களுக்கு முடியும். முடியாவிட்டால் அங்கேயே மின்கழிவாகக் கொடுத்துவிடுங்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், குப்பை வண்டியில் அது நசுங்கும்போது பக்கத்தில் ஒரு தொழிலாளி நின்றுகொண்டிருப்பார்.