ரயில் பயணம் ஒன்றை ஆர்க்கெஸ்ட்ரா இசையாக எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது? எந்த வாத்தியத்தை ரயிலாக வைப்பது?

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. கணினியில் ஏதோ ஒரு மென்பொருளைத் திறந்து, ஸ்னேர் டிரம்மில் தடக் தடக் என்று ஒரு சுழற்சியைப் போட்டுவிட்டு, அதன் மேல் செல்லோக்களை ஏற்றிப் பார்த்திருப்பீர்கள். முப்பது விநாடி நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஊர் எதுவும் வரவில்லை. என் ஊகம் தவறென்றால் மன்னித்துவிடுங்கள். ஆனால் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

எந்த வாத்தியம் ரயில் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேட்பவரை எங்கே உட்கார வைக்கப் போகிறீர்கள்? அதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரியவர்கள் எழுதியதை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொருவரும் நம்மை ஒவ்வோர் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

ரஷ்ய இசையமைப்பாளர் போரோதின் 1880-இல் எழுதிய ‘மத்திய ஆசியப் புல்வெளிகளில்’ என்ற படைப்பில் நாம் வெட்டவெளியில் அசையாமல் நிற்கிறோம். வயலின்கள் மிக உச்சத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதுதான் அந்த வெளி. கீழே தந்திகளை விரலால் மீட்டும் நடை, வணிகக் கூட்டத்தின் குதிரைகளும் ஒட்டகங்களும். கூட்டம் தொலைவிலிருந்து வருகிறது, நம்மைக் கடக்கிறது, மறைகிறது. நாம் ஓரடி கூட நகரவில்லை. செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தானாவின் ‘வல்தாவா’வில் நாம் நதியின் மேலேயே போகிறோம். முதல் ஊற்றுக்குப் புல்லாங்குழல், இரண்டாம் ஊற்று வந்து சேரும்போது கிளாரினெட், பிறகு காட்டில் வேட்டைக் கொம்புகள், கரையில் ஒரு கிராமத்துக் கல்யாணம், இரவு, பாறைச் சுழிகள், பிராக் நகரம். 430 கிலோமீட்டர் நதி சுமார் 12 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அப்படியானால் எத்தனை ஊர்களை அவர் விட்டுவிட்டார் என்று யோசியுங்கள். இதை எழுதிய 1874-இன் கடைசி மாதங்களில் அவருக்குக் காது முற்றிலும் கேட்காமல் போயிருந்தது. நல்ல ஸ்பீக்கர் இல்லையே என்று புலம்புகிறவர்கள் கவனிக்க.

ஓனேகரின் ‘பசிபிக் 231’ (ஒரு நீராவி எஞ்சின் வகையின் பெயர் அது) நம்மை எஞ்சினுக்குள்ளேயே ஏற்றிவிடுகிறது. அது 1923-இல் எழுதியது. அதில் ஒரு தந்திரம் இருக்கிறது, அவசியம் ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் இசைக்குறிப்பையும் சேர்த்த புத்தகத்தை, வாங்கிப் பாருங்கள். வண்டி வேகமெடுப்பதாக நமக்குக் கேட்கிறது, ஆனால் பக்கங்களைப் புரட்டினால் மெட்ரோனோம் குறி, அதாவது தாளத்தின் வேகத்தைச் சொல்லும் எண், குறைந்துகொண்டே வருகிறது. சுரங்களின் நீளத்தைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டு போகிறார், அதனால் வேகம் கூடுகிறது. உங்கள் மென்பொருளில் டெம்போ கோட்டை மேலே இழுத்துவிடுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இனி என் கதை. இதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன் என்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் போகும் மலை ரயிலைப் பற்றி ஓர் ஆர்க்கெஸ்ட்ரா துண்டு எழுதினேன், 14 நிமிடம். இந்த ரயிலைப் பற்றி எல்லோரும் சொல்வது 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். எதுவும் இசைக்கு உதவாது. எனக்கு உதவியது வேறொரு விஷயம். குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் பெட்டிக்காரர் பச்சைக் கொடியை நீட்டினால் அடுத்தவர் நீட்டுகிறார், அதற்கடுத்தவர் நீட்டுகிறார், சைகை பெட்டி பெட்டியாகக் கடந்து கடைசியில் எஞ்சினுக்குப் போய்ச் சேருகிறது. பிறகுதான் பின்னாலிருந்து அந்தப் பெருமூச்சு.

இதைப் பார்த்ததும் துண்டின் பாதி எனக்குக் கிடைத்துவிட்டது. கேட்பவரை முதல் பெட்டியில் உட்கார வைத்தேன். நான்கு சுரம் கொண்ட ஒரு சிறு சொல். முதலில் புல்லாங்குழல், அதை ஓபோ வாங்குகிறது, ஓபோவிடமிருந்து கிளாரினெட், பிறகு ஹார்ன். அது முடிந்த பிறகுதான் டபுள் பாஸும் டிராம்போனும் அசைகின்றன. அதுவும் அடங்கிய குரலில், ஏனென்றால் முதல் பெட்டியில் இருப்பவருக்கு எஞ்சின் தொலைவில்தான் கேட்கும். காட்டின் சத்தம்தான் பக்கத்தில். ரயில் இசை என்றாலே பாஸ் முதலில் கிளம்ப வேண்டும் என்ற வழக்கம் அங்கே தானாகவே கழன்று விழுந்தது. ஸ்னேர் டிரம் இந்தத் துண்டில் இல்லவே இல்லை.

கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை தொடங்குகிறது. அந்த எஞ்சினில் சாதாரண சக்கரங்களுக்கு ஒரு ஜோடி சிலிண்டர், பற்களைப் பிடித்து ஏறும் சக்கரங்களுக்கு இன்னொரு ஜோடி. ஏற்றத்தில் இரண்டும் சேர்ந்து உழைக்கும்போது இரண்டு மூச்சுகள் ஒன்றையொன்று பிடிப்பதும் விடுவதுமாக எனக்குக் கேட்டது. செல்லோக்களுக்கு மும்மூன்றாகவும் பாஸுக்கு இரண்டிரண்டாகவும் எழுதினேன். ஒத்திகையில் செல்லோ வாசித்த அம்மாள், “சார், இதில் யார் யாரைப் பின்பற்ற வேண்டும்?” என்று கேட்டார். யாரும் யாரையும் பின்பற்ற வேண்டாம், ஏறினால் போதும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலைக்குள் சரியாக வந்துவிட்டது.

ஏற்றத்தை எப்படிக் காட்டுவது? மேல் நோக்கிப் போகும் சுரவரிசை என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். நான் பிலஹரி என்ற கர்நாடக ராகத்தை எடுத்துக்கொண்டேன். அதன் ஆரோகணத்தில் ஐந்து சுரம், மத்யமமும் நிஷாதமும் கிடையாது. அவரோகணத்தில் ஏழும் உண்டு. அதாவது ஏறும்போது கையில் இல்லாத இரண்டு சுரங்கள் இறங்கும்போதுதான் கிடைக்கும். காலை ராகம் வேறு, வண்டியும் காலையில்தான் கிளம்புகிறது. ‘டி’யை ஆதார சுரமாக வைத்தேன். அப்படியானால் மத்யமமான ‘ஜி’யும் நிஷாதமான ‘சி ஷார்ப்’பும் ஏற்றம் முழுக்க யாருக்கும் கிடையாது. மெலடிக்கு மட்டும் தடை போட்டால் ஏமாற்று வேலை, அதனால் ஹார்மனிக்கும் தடை. வயலின்காரர்கள் தங்கள் திறந்த ‘ஜி’ தந்தியைத் தொடக்கூட விடவில்லை. ‘ஏ’ கார்டு வேண்டிய இடத்திலெல்லாம் நடுச் சுரம் இல்லாத வெறும் ஐந்தாம் இடைவெளி. கேட்டால் ஏதோ ஒன்று பாக்கி இருப்பது போலவே இருக்கும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இன்னொன்று. இந்தப் பாதையின் உச்சி உதகமண்டலம் அல்ல, அதற்கு முந்தைய நிலையமான லவ்டேல். அங்கிருந்து உதகைக்கு வண்டி இறங்குகிறது. ஆகவே என் துண்டின் உச்சமும் முடிவில் வரவில்லை. லவ்டேலில் வியோலாக்கள் ‘ஜி’யையும் இரண்டாம் வயலின்கள் ‘சி ஷார்ப்’பையும் ஒரே நேரத்தில் தொடுகின்றன, பத்து நிமிடத்துக்கு மேல் பூட்டி வைத்திருந்த இரண்டும் மோதிக்கொள்கின்றன. அதன் பிறகு ஏழு சுரமும் தாராளமாக இறங்குகிறது. ஊருக்குள் நுழையும்போது பெரிய முழக்கம் ஒன்றும் கிடையாது. உதகை நிலையத்தில் இறங்கியவர்களுக்குத் தெரியும், அங்கே முழங்குவது டாக்சிக்காரர்கள்தான்.

கர்நாடக இசைக்காரர்கள் உடனே சண்டைக்கு வர வேண்டாம். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாமல் பிலஹரி ஏது என்பீர்கள். நான் ராகம் பாடினேன் என்று சொல்லவில்லை, அதன் ஏற்ற இறக்கத்தின் கணக்கை எடுத்துக்கொண்டேன் என்கிறேன். சில பிடிகளில் கைசிகி நிஷாதம், அதாவது சற்றுத் தாழ்ந்த நிஷாதம், வருமே என்பவர்களுக்கு: தெரியும், ஐயா. வேண்டுமென்றேதான் விட்டேன். மேற்கத்திய இசை படித்தவர்கள், 1915-லேயே ஸ்ட்ராஸ் தன் ‘ஆல்ப்ஸ் சிம்பொனி’யில் ஏறும் மெட்டைத் தலைகீழாக்கி இறக்கத்துக்கு வைத்துவிட்டாரே என்பார்கள். அதுவும் தெரியும். அவருக்கு நூற்றுக்கு மேற்பட்ட வாத்தியக்காரர்களும் காற்றுக்கென்று ஒரு தனி இயந்திரமும் இருந்தன. எனக்குச் சர்ச் பாடகர் குழுக்களில் வாசிக்கும் வயலின்காரர்களும், கடன் வாங்கிய ஒரு ஹார்னும் இருந்தன.

எனக்கு உண்மையில் உறுத்தியது வேறு. நிகழ்ச்சி முடிந்ததும் இசை தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் வந்து, “நன்றாக இருந்தது, பின்னணி இசை மாதிரி. படம்தான் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். நம் ஊரில் வார்த்தை இல்லாத இசை எதைக் கேட்டாலும் இதுதான் தீர்ப்பு. படத்துக்குப் பின்னணி எழுதுவது தாழ்ந்த வேலை என்று நான் நினைக்கவில்லை, அதை எழுதித்தான் வாடகை கட்டுகிறேன். ஆனால் பின்னணியில் காட்சி எப்போது மாற வேண்டும் என்பதை எடிட்டர் முடிவு செய்கிறார். இங்கே லவ்டேல் எப்போது வர வேண்டும் என்பதை அந்த இரண்டு சுரங்கள் முடிவு செய்தன. ஓனேகரே தன் படைப்புக்கு முதலில் ‘சிம்பொனிக் அசைவு’ என்றுதான் பெயர் வைத்திருந்தார், எஞ்சினின் பெயர் பிறகு வந்தது. எஞ்சினை எடுத்துவிட்டாலும் அது நிற்கும். உங்கள் துண்டு நிற்குமா என்று தலைப்பை மறைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த விழாவை நடத்திய அமைப்பின் பெயர் வேண்டாம். மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி என்று அழைப்பிதழ். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அதற்கு மேல் ஒரு சிறப்புரை. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்குப் பதில் பொன்னாடை. சிறப்பு விருந்தினர் தன் தேனிலவுக்கு இந்த ரயிலில் போன கதையை விரிவாகச் சொன்னார். வாத்தியக்காரர்கள் மேடைக்குப் பின்னால் குளிரூட்டியின் காற்றில் நின்றுகொண்டிருந்தார்கள், சுருதி சேர்த்த தந்திகள் இறங்கிக்கொண்டிருந்தன. எட்டரைக்கு அமைப்பாளர் என் காதருகே வந்து, “அந்த ரயில் பாட்டை மட்டும் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடுங்களேன், சாப்பாடு ஆறிடும்” என்றார். ஐந்து நிமிடத்தில் வண்டி கல்லாறைத்தான் தாண்டியிருக்கும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. முழுசாகத்தான் வாசித்தோம். அதற்காக அடுத்த ஆண்டு என்னை அழைக்கவில்லை. நினைவுப் பரிசில் என் பெயரும் பிழையாக இருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஸ்னேர் டிரம் டிராக்கை முதலில் ஒலியடக்கி வையுங்கள். அது இல்லாமல் வண்டி நகரவில்லை என்றால் மற்ற வாத்தியங்கள் எதுவும் இன்னும் வேலை செய்யவில்லை என்று பொருள். நீங்கள் எழுதும் பாதையில் ஒருமுறை உண்மையிலேயே போய் வாருங்கள், ஆனால் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எடுத்துப் போனால் சக்கரத்தின் சத்தத்தைத்தான் கொண்டுவருவீர்கள். யார் யாருக்குச் சைகை காட்டுகிறார்கள், எங்கே வண்டி நின்று தண்ணீர் பிடிக்கிறது, எந்த இடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். திரும்பி வந்ததும் கூட்டி வந்த ஊர்களில் பாதியை வெட்டிவிடுங்கள். என் முதல் வரைவில் கேத்தியும் அரவங்காடும் தனித்தனிப் பகுதிகளாக இருந்தன, இப்போது இரண்டும் சேர்ந்து ஒரே ஓபோ வாக்கியம்.

புல்லாங்குழலுக்கு எழுதும்போது மூச்சு விட இடம் கொடுங்கள். மென்பொருளுக்கு மூச்சு முட்டாது, மனிதருக்கு முட்டும். என் ஸ்கோரின் கொடிச் சைகைப் பக்கங்கள் வேண்டுமென்றால் தனிச் செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன். வாசித்துப் பார்க்க ஆட்களும் திரட்ட முடிந்தால் இன்னும் நல்லது, பார்ட்டுகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. பசூன் வாசிப்பவரை மட்டும் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். எனக்கு இன்று வரை கிடைக்கவில்லை.