வெயிட் தூக்குனா பையன் உயரம் நின்னுடுமா டாக்டர்?

கேள்வி: பையனுக்கு 14 வயசு, ஸ்கூல் வாலிபால் டீம்ல ஆடுறான். பி.டி. சார் ஸ்குவாட், டம்பெல், பெட்டி மேல எகிறிக் குதிக்கற பாக்ஸ் ஜம்ப்னு பண்ண வைக்கிறாரு. வெயிட் தூக்குனா வளர்த்தி நின்னுடும்னு மாமியார் திட்டுறாங்க. ரெண்டு வாரமா முட்டிக்கு கீழ வலிக்குதுங்கறான், நிறுத்திடவா?

பதில்: வளர்த்தி நிக்காதும்மா. கம்மி வெயிட்ல, முறையா சொல்லிக் குடுத்து, ஆள் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டா பயமே வேணாம். எலும்பு நுனியில இருக்கற வளர்ச்சித் தட்டுல அடிபட்டா சிக்கல்தான், ஆனா அது பெரும்பாலும் சார் இல்லாத நேரத்துல "எவ்ளோ தூக்குற பாப்போம்"னு பசங்க பந்தயம் கட்டி தூக்கறப்போ, இல்ல வெயிட் கால்ல விழறப்போ நடக்கறது.

எனக்கு அவன் குதிக்கறதுதான் கவலை. ஸ்பைக் அடிச்சு கீழ எறங்குறப்போ கால் தாங்கற பாரம் உடம்பு எடைய விட பல மடங்கு, கையில இருக்கற டம்பெல் அதுக்கு முன்னாடி ஒண்ணுமேயில்ல. பிராக்டிஸ், மேட்ச், அதுக்கு மேல பாக்ஸ் ஜம்ப்னு ஒரு வாரத்துல எத்தன குதி வருதுன்னு யாராவது எண்ணுறாங்களா?

முட்டிச் சில்லுக்கு கீழ, காலெலும்பு மேல சின்னதா ஒரு மேடு இருக்கும், அங்க விரல வச்சு அழுத்துங்க, சுள்ளுன்னு வலிச்சா ஆஸ்குட் ஷ்லாட்டரா இருக்கலாம். எலும்பு கிடுகிடுன்னு வளர்ற இந்த வயசுல தொடைத் தசையோட நாண் அந்த எடத்தப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கறதால வர்றது, பேரு கேட்டு பயந்துடாதீங்க, தானா சரியாகற சமாச்சாரம், என்ன, சில பேருக்கு மாசக்கணக்குல இழுக்கும். அதுவரைக்கும் பாக்ஸ் ஜம்ப் வேணாம், ஆட்டத்தையும் வலி தாங்கற அளவுக்கு கொறைங்க, வலிக்காத எக்ஸர்சைஸ் பண்ணட்டும், ஐஸ் வைங்க. ராத்திரி தூக்கத்துல எழுப்பற வலி, வீக்கம், காய்ச்சல், நொண்டி நடக்கறது இதுல எது இருந்தாலும் உடனே எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.

வலி போனப்புறம் வீட்டு வாசப்படியில கடைசிப் படியிலேர்ந்து குதிக்கச் சொல்லி முன்னாடி நின்னு பாருங்க, முட்டி ரெண்டும் உள்பக்கம் சாயுதா, தொம்முன்னு சத்தம் வருதா? அப்ப அவன் இன்னும் எறங்கவே கத்துக்கல, அதுக்கு மேல உயரம் வேணாம். ஜம்ப் வாரத்துல ரெண்டு நாள் போதும், நடுவுல ரெண்டு நாள் கேப், ஒரு நாளைக்கு மொத்தமே 50, 60 குதிக்குள்ள. வெயிட்டும் ரெண்டு மூணு நாள்தான், 10லேர்ந்து 15 தடவ ஒழுங்கா தூக்க முடியற வெயிட்ல. புரோட்டீன் பவுடர் எதுக்கு, முட்டை, சுண்டல், பால் இருக்கே. 8 மணி நேரமாவது தூங்கணும், போன புடுங்கி வைங்க.

இத பி.டி. சார்கிட்டயும் நேர்ல போய் சொல்லிடுங்க, பையன்கிட்ட சொல்லி அனுப்புனா வலிய மறைச்சுட்டு ஆடப் போயிடுவான்.