இருளில் வாழும் வண்டுக்கு வந்த வினை

கேள்வி: குகைக்குள் வாழும் ஒரு வண்டுக்கு அதன் பெயராலேயே ஆபத்து என்கிறார்களே, உண்மையா? (வாசகர், தேனி)

பதில்: உண்மைதான். ஸ்லோவேனியாவின் சில சுண்ணாம்புக்கல் குகைகளில் மட்டுமே வாழும், பார்வையற்ற, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள பழுப்பு நிற வண்டு அது. 1937-இல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய ஆஸ்கர் ஷைபெல், அப்போது ஜெர்மனியை ஆண்ட ஹிட்லரைப் போற்றும் வகையில் 'அனோஃப்தால்மஸ் ஹிட்லெரி' என்று பெயரிட்டார். நாஜி நினைவுப் பொருள்களைச் சேகரிப்பவர்கள் இன்று அதற்குப் பெரும் விலை கொடுப்பதால், குகைகளில் திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார்கள். இறைச்சியை இரையாக வைத்துப் புதைக்கும் பொறிகளில் பிற குகை உயிரினங்களும் சேர்ந்தே மடிகின்றன என்பதுதான் இதில் கொடுமை. குகை வண்டுகள் பொதுவாக மிகக் குறைவான முட்டைகளையே இடுவதால், இழந்த எண்ணிக்கை எளிதில் ஈடாவதில்லை. மேலே நிலத்தில் சேரும் கழிவுநீரும் பூச்சிக்கொல்லியும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே நேராகக் குகைக்குள் இறங்கிவிடுவது மற்றோர் ஆபத்து.

பெயரை மாற்றலாமே என்று கேட்பீர்கள். முறைப்படி முதலில் சூட்டப்பட்ட விலங்கியல் பெயரை, அது மனத்தைப் புண்படுத்துகிறது என்பதற்காக மாற்ற, பன்னாட்டுப் பெயரிடல் விதிகள் இடம் தருவதில்லை.